ஆடியவள் சொல்லட்டும்

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தையல் சரியா என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். விளையாட்டு வரலாற்றிலும் இதே பிரிவினையைக் காண்கிறேன்.

1976 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வெள்ளி வென்ற கூடைப்பந்து வீராங்கனை ஆன் மேயர்ஸ், 1979இல் இண்டியானா பேசர்ஸ் என்ற ஆண்கள் அணியோடு ஒப்பந்தமிட்டார். மூன்று நாள் தேர்வுக்குப் பின் ஆட இடமில்லை என்றார்கள்; வர்ணனைக்கு மைக் கொடுத்தார்கள். அதை விட்டு, பெண்களின் தொழில்முறை அணியான நியூ ஜெர்சி ஜெம்ஸில் ஆடினார். பின்னர் மீண்டும் மைக் பிடித்தார், வர்ணனையே தொழிலாயிற்று.

சென்னையின் அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். பெண்ணின் ஆட்டத்துக்குக் கைதட்டப் பழகிவிட்டோம். எந்த பாஸ் தவறு, எந்த நகர்வு சரி என்று அவள் சொல்ல, ஆண்கள் ஆட்டத்தைக்கூட அவள் எடைபோட, உட்கார்ந்து கேட்கப் பழக வேண்டும்.