பேகனின் ஊரில் காலைப்பொழுது

முதல் பாடவேளை புறநானூறு. வையாவிக் கோப்பெரும் பேகனைப் பற்றிய பாடல்களை நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் கழிந்தபின் ஒரு மாணவி வாசலில் வந்து நின்றார். அந்த மாதத்தில் அது ஆறாவது முறை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஏற்கெனவே குறியிட்டாயிற்று. உள்ளே வரச்சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

வகுப்பு முடிந்தபின் காரணம் கேட்டேன். அவருடைய அம்மா விடியும் முன்பே ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்புக்குப் பறிப்பு வேலைக்குப் போய்விடுகிறார். சந்தைக்குக் காய் காலையிலேயே போய்ச் சேரவேண்டும். அப்பா சரக்கு வண்டி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பியை எழுப்பி, குளிக்கவைத்து, சோறு கட்டிக்கொடுத்து, பள்ளி வாசலில் விட்டுவிட்டுத்தான் இவர் பேருந்து ஏறமுடியும். "கேட்டைத் திறக்குறவரைக்கும் அவனைத் தனியா விட்டுட்டு வர முடியாது சார்" என்றார். நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை பேகன் பாடல்களை மீண்டும் எடுத்து வாசித்தேன். அவ்வாசிப்பின் தொடர்ச்சியே இக்கட்டுரை. உழைப்பு, பிள்ளை வளர்ப்பு, படிப்பு ஆகிய மூன்றையும் போதாத வருவாயில் ஒரு குடும்பம் எப்படிக் கட்டி இழுக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. அரசாணைகளின் வரலாறாகவே அது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டின் காலைப்பொழுதிலிருந்து அதனைப் பார்க்க முயல்கிறேன்.

பழனியின் பழம்பெயர் பொதினி. ஆவியர் குடியின் ஊர். அக்குடித் தலைவனான பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளலாகப் பள்ளிப் பாடநூல்களில் வருபவன். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான் என்பதும் புறநானூற்றுச் செய்திதான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு பெரும்புலவர்கள் ஐந்து பாடல்களில் (143 முதல் 147 வரை) அவனிடம் வேண்டுவது ஒன்றே: வீட்டுக்குப் போ. அவர்களுள் பரணர், தாம் பசித்து வரவில்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையாலும் வரவில்லை, இன்றிரவே நீ தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே எமக்குப் பரிசில் என்கிறார். குளிரில் நடுங்கும் மயில் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் இருந்தவள் படவில்லை. கொடை எப்போதும் வெளியை நோக்கியதாகவும் வீட்டின் துயர் கணக்கில் வராததாகவும் இருந்த நிலையைப் பாணர் மரபு அன்றே கண்டுகொண்டது.

வீட்டின் கணக்கை இன்னும் நெருங்கிப் பார்த்தவர் பெருஞ்சித்திரனார். அவர் பாடிய குமணனின் முதிரமலையைப் பழனிக்கு மேற்கே உடுமலைப் பக்கத்து மலைகளோடு ஆய்வாளர் சிலர் இணைப்பர். அவர் பாடல்களில் ஒரு வறிய குடும்பம் முழுமையாக இருக்கிறது. சாவு வரவில்லையே என்று நொந்துகொள்ளும் முதிய தாய். குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து உப்பும் மோரும் இன்றி வேகவைத்து உண்ணும் மனைவி. பாலில்லாத மார்பைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, சோற்றுக் கலத்தைத் திறந்து, வெறுமையைக் கண்டு அழும் பிள்ளை. அவனுக்குப் புலியைச் சொல்லிப் பயங்காட்டுகிறாள் தாய். நிலவைக் காட்டி ஏமாற்றுகிறாள். பரிசில் கிடைத்துத் திரும்பிய புலவர் மனைவியிடம் பொருளைத் தந்து, எல்லோருக்கும் கொடு, என்னைக் கேட்காதே என்கிறார். கொடுக்க வேண்டியவர் பட்டியலில், பசித்த காலத்தில் குறியெதிர்ப்பை தந்தவர்களும் உண்டு. அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தரும் கைமாற்றுக்குத்தான் அந்தப் பெயர். பக்கத்து வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி கேட்டு வாங்கும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. பேரரசுகள் மறைந்தன, குறியெதிர்ப்பை நிலைத்திருக்கிறது.

இந்த வறுங்கலத்துக்குப் பள்ளிக்கூடம் விடை சொல்ல முற்பட்டது இருபதாம் நூற்றாண்டில். 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யக்கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல் அது நின்றது. சில ஆண்டுகளில் மீண்டும் உயிர்பெற்றது. பிள்ளையின் வயிறு கல்விச் செலவில் சேருமா, சேராதா என்ற வழக்கு அன்று தொடங்கியது.

அவ்வழக்கின் மறுபக்கம் 1953இல் வெளிப்பட்டது. முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணிநேரப் படிப்பை இரு வேளைகளாகப் பிரித்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலில் பழகவேண்டும் என்பது ஏற்பாடு. இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே கூடுதல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சிக்கனக் கணக்கும் அதில் இருந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்று எதிர்ப்புக்கு உள்ளான அத்திட்டம் 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. அதன் சாதிப் பரிமாணம் பலராலும் பேசப்பட்டது, பேசப்பட்டதும் நியாயமே. அதனுள் இருந்த இன்னொரு அனுமானம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பிள்ளையின் அரைநாள் வீட்டுக்குச் சொந்தம்; அந்த அரைநாளை வீடு பார்த்துக்கொள்ளும் என்பதே அது. வயலிலும் தறியிலும் பகல் முழுதும் உழைக்கும் தாய்க்கு, வீட்டிலிருக்கும் பிள்ளை இன்னொரு வேலை. பெண்பிள்ளையாயின் அவளே இன்னொரு தாய்.

1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அந்த அனுமானத்தைத் திருப்பிப் போட்டது. அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்கு நிர்வாக வடிவம் தந்தார். ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா. அதில் ஆறு பைசா அரசு தர, நான்கு பைசா ஊரார் தரவேண்டும் என்ற ஏற்பாடு பின்னர் அமைந்தது. களத்துமேட்டில் நெல்லாகவும் பயறாகவும் அப்பங்கு வந்து சேர்ந்தது. கோயில் அன்னதானத்துக்கும் திருவிழாவுக்கும் அளந்து கொடுத்துப் பழகிய கை பள்ளிக்கூடத்துக்கும் அளந்தது. ஆடுமேய்க்கும் சிறுவனிடம் காமராசர் காரை நிறுத்திப் பேசியதாக வழங்கும் கதையை அறியாத தமிழர் இல்லை. அக்கதையில் முதலமைச்சர் இருக்கிறார், சிறுவன் இருக்கிறான், ஆடுகளும் இருக்கின்றன. அவனுடைய தாய் எங்கே போயிருந்தாள் என்று கதை கேட்பதில்லை. கூலி வேலைக்குத்தான் போயிருப்பாள்.

அவளை நோக்கி அரசு திரும்பியது சற்றுப் பிந்தி. 1975 அக்டோபர் 2இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளைத் தொடங்கியது. உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் பிறந்தது. பழனி அன்று சேர்ந்திருந்த மதுரை மாவட்டம் அதன் தொடக்கக் களங்களுள் ஒன்று. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயது கடந்த குழந்தை முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளை வரை கிராமப்புறத்தில் சோறு. அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறத்துக்கும், 1984இல் மேல்வகுப்புகளுக்கும் அது நீண்டது.

இத்திட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பள்ளிச் சேர்க்கையோடு நின்றுவிடுகிறது. என் தலைமுறையினருக்கு நினைவிருக்கும் இன்னொரு காட்சி உண்டு: தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமந்தபடி பள்ளிச் சுவருக்கு வெளியே நின்று உள்ளே பார்க்கும் அக்கா. பால்வாடி அந்த இடுப்பிலிருந்து குழந்தையை இறக்கி வைத்தது. அதனால் அக்கா உள்ளே வரமுடிந்தது. அம்மா மனக்கலக்கமின்றி நடவுக்குப் போகமுடிந்தது. தட்டில் விழுந்த சோற்றை எடைபோட்டார்கள். அந்தத் தாய்க்குத் திரும்பக் கிடைத்த நேரத்தை எடைபோட அரசிடம் தராசு இல்லை.

சமைத்தவர் யார் என்ற கேள்வியும் உண்டு. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மையத்துக்கு மூவராக லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலைக்கு வந்தனர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. பலருக்கு அது வாழ்வில் பெற்ற முதல் மாதச் சம்பளம். ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் சமைத்துப்போட்ட அவர்களுடைய வேலை, சமையல் என்பதாலேயே பகுதிநேர வேலையாக மதிக்கப்பட்டது. சொற்பத் தொகுப்பூதியத்தில் தொடங்கி, நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் சிறப்புக் காலமுறை ஊதியம் வரை வந்தார்கள். முழுமையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு அவர்கள் சாலையில் அமர்ந்த காட்சிகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அரசும் ஒரு வீட்டுத் தலைவனைப் போலவே நடந்துகொண்டது: அடுப்படி வேலைக்கு எவ்வளவு கொடுத்தாலும் அதிகம் என்று எண்ணியது.

மதியச் சோறு வந்தபின்னும் காலை வெறுமையாகவே இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதற்கட்டத்தில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தில் அது மாநிலமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அடுத்த ஈராண்டுகளில் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எளிய பட்டியல். சமைக்கும் பொறுப்பு மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வந்தது. குறியெதிர்ப்பை தந்து வாங்கிய பெண்களின் வழித்தோன்றல்கள் என்று அக்குழுக்களைச் சொன்னால் மிகையாகாது.

பழனிக்கு இதில் தனியே ஒரு பக்கம் உண்டு. 2022 நவம்பரில், தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயில் நடத்தும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் சுமார் 4,000 மாணவர்க்குக் காலைச் சிற்றுண்டி தொடங்கப்பட்டது. மலைக்கு வரும் அடியாருக்கு அன்னம் பாலிப்பது பழைய அறம். கல்லூரிப் பிள்ளையும் பசியோடுதான் வருகிறாள் என்பதை ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது புதிய அறம். பதினெட்டு வயது ஆகிவிட்டால் பசிக்காது என்பதுபோலவே நம் திட்டங்கள் அதுவரை வயது வகுத்திருந்தன. ஊருக்குக் கொடுத்த கை, தன் வீட்டுப் பிள்ளைகளின் பக்கம் திரும்பிய தருணமாக நான் இதனைக் காண்கிறேன்.

எனினும் என் மாணவியின் வீடு இவற்றுள் எதிலும் முழுமையாகப் பொருந்தவில்லை. தம்பி படிப்பது கட்டணம் வாங்கும் சிறிய ஆங்கிலவழிப் பள்ளியில். அங்கே உப்புமா இல்லை. ஏன் அரசுப் பள்ளியில் சேர்க்கவில்லை என்று கேட்பது எளிது. அம்மாவின் பறிப்புக்கூலி பெரும்பகுதி அந்தக் கட்டணத்துக்கே போகிறது. தான் படிக்காத மொழியைப் பிள்ளையாவது பேசட்டும் என்று ஒரு தாய் நினைப்பதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வாசையின் விலையைப் பணமாகச் செலுத்துபவர் தாய். நேரமாகச் செலுத்துபவர் அக்கா. இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அவ்வளவே மாற்றம்.

நூறாண்டு வரலாற்றில் நாம் கற்றது, வறிய குடும்பத்துக்குப் பணத்தைப் போலவே பொழுதும் பற்றாக்குறை என்பது. ஓரணாவில் தொடங்கிய ஒவ்வொரு திட்டமும் அறிந்தோ அறியாமலோ ஒரு பெண்ணுக்குச் சிறிது பொழுதைத் திருப்பித் தந்தது. அதன் பயனை விரித்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. வீட்டுக்குள் அந்தப் பொழுதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய இன்னொருவரைப் பற்றி எந்த அரசாணையும் பேசியதில்லை. பேசவும் முடியாது. அதைப் பரணர்தான் பேசினார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். என் மனைவியும் வேலைக்குப் போகிறவர். பேகனின் குறையை மாணவர்களுக்கு எடுத்துரைக்க நான் மடிப்புக் குலையாத சட்டையோடு எட்டரை மணிக்குப் புறப்படும்போது, இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டுப் பாத்திரங்கள், தண்ணீர்ப் போத்தல்கள், காணாமற்போன ஒற்றைக் காலுறை ஆகியவற்றுக்கு நடுவே அவரை விட்டுவிட்டு வந்திருந்தேன். இருபதாண்டுகளாக அப்பாடல்களை நடத்துகிறேன்; தேரேறச் சொல்வது யாரை என்பது அன்றுதான் உறைத்தது.

இப்போது முதல் பாடவேளையின் வருகைப் பதிவை வகுப்பின் இறுதியில் எடுக்கிறேன். வீட்டில் காலை அடுப்பு என் பொறுப்பு. தோசை இன்னும் வட்டமாக வரவில்லை, பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். பேகன் அன்றிரவு வீடு திரும்பினானா என்பதைப் புறநானூறு நமக்குச் சொல்லவில்லை.