போருக்குப் பின் எமது சாப்பாட்டுக் கோப்பை: உடற்பலம், மனநிலை, விரதம்

"சாப்பாடு இறங்குதில்லை." வன்னியில் இந்த வார்த்தையைக் கேட்காமல் ஒரு கிராமத்தைக் கடந்து வருவது கடினம். பாடசாலையில் மனையியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், பெண்கள் கூடும் இடங்களில் உணவு பற்றிப் பேசி வருகிறேன். என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். ஏன் எப்போதும் உடம்பு அலுப்பாக இருக்கிறது? ஏன் மனம் ஒரு நிலையில் நிற்குதில்லை? சீனி வருத்தத்தோடு விரதம் பிடிக்கலாமா? இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் இவற்றுக்கு இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. நானும் இடம்பெயர்ந்து முகாமில் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றவள் என்பதால், கடையில் விலை கொடுத்து வாங்கமுடியாத உணவுகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பசி விட்டுச்சென்ற சுவடு

1990 இற்குப் பின்னரான பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கு மக்கள் கிடைத்ததை வைத்தே சமைத்தார்கள். குரக்கன், ஒடியல், மரவள்ளி, முருங்கையிலை, பனங்கட்டி என்பவை அப்போது பல குடும்பங்களைக் காத்தன. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு மீண்டும் அதே நிலைக்குத் தள்ளப்பட்டது. 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் அந்தச் சிறு நிலத்துக்குள் அகப்பட்டவர்களுக்குக் கஞ்சியே உணவாயிற்று. அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பும். ஒவ்வொரு மே மாதமும் நாம் பரிமாறும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அந்த நினைவைத்தான் சுமக்கிறது.

முகாம்களிலும் மீள்குடியேறிய ஆரம்ப காலத்திலும் வந்த உலர் உணவில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பன முக்கியமாக இருந்தன. உயிரைக் காத்த உணவு அது. ஆனால் நிவாரணம் நின்ற பிறகும் மாவும் சீனியும் எமது அன்றாடப் பழக்கமாகத் தங்கிவிட்டன. காலையில் பாண், பத்து மணிக்குப் பிஸ்கற், நாலு மணிக்குச் சீனித் தேநீர், இரவில் ரொட்டி அல்லது புட்டு என்று நாள் முழுக்க மாவிலேயே கழிகிறது.

பசிக்கும் பிற்கால நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் ஏற்கனவே கண்டிருக்கிறது. 1944, 1945 காலப்பகுதியில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளின் பின் பரிசோதித்தார்கள். ஐம்பது வயதளவில் அவர்களது உடல் சீனியைக் கையாளும் திறன் மற்றவர்களை விடக் குறைந்திருந்தது. போர்க்காலத்தில் பிறந்த எமது பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்களது இரத்தச் சீனியை நேரகாலத்தோடு பார்ப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

உடற்பலம்: அலுப்பு எங்கிருந்து வருகிறது?

மூளை எமது உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதம் மட்டுமே. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே சாப்பாடு குறைந்தால் கைகால் சோர்வதோடு யோசனையும் பொறுமையும் குறையும்.

வெள்ளை மாவும் சீனியும் விரைவாகச் சமிபாடடைந்து இரத்தச் சீனியைச் சட்டென்று உயர்த்தும். சிறிது நேரத்தில் மீண்டும் பசி எடுக்கும். தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, கடலை என்பவை மெதுவாகச் சமிபாடடையும். காலையில் ஒரு கோப்பை அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் சாப்பிட்டவர் மதியம் வரை வேலை செய்வார். வெறும் தேநீரும் பிஸ்கற்றும் எடுத்தவர் பத்து மணிக்கே களைத்துவிடுவார்.

பெண்களின் அலுப்புக்கு இன்னொரு பொதுவான காரணம் இரத்தச்சோகை. முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, எள்ளு என்பவற்றில் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் மரக்கறியிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. அதே சாப்பாட்டில் தேசிக்காய்ப் புளி, நெல்லிக்காய், கொய்யா போன்ற ஒன்றைச் சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறைந்துவிடும். ஆகவே கீரை வறைக்குத் தேசிக்காய் விடுங்கள், தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். செலவில்லாத இந்த இரண்டு மாற்றங்களும் பலருக்கு உதவும்.

சீனியின் கணக்கையும் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருப்பது சிறந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. இரண்டு கரண்டி போட்டு நாலு தேநீர் குடித்தால் எட்டுக் கரண்டி ஆகிவிடும். உப்புக்கும் எல்லை உண்டு. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு மட்டமான தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், பொதியில் வரும் நூடில்ஸ் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் அடங்கும்.

மனநிலை: பசியும் பயமும்

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை அவர்களின் சம்மதத்தோடு ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்துப் பரிசோதித்தார். போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். அவர்களில் பலர் எரிச்சல் கொண்டார்கள், சோர்ந்து ஒதுங்கினார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். அவர்கள் மனத்தில் முன்னர் எந்த நோயும் இருக்கவில்லை. பசியே அதைச் செய்தது. தடைக்காலத்திலும் இறுதிப் போரிலும் நாம் ஒருவரோடொருவர் எரிந்து விழுந்ததற்குக் குணக்கேட்டை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்பதை இந்த ஆய்வு எனக்கு விளங்க வைத்தது.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 2017 இல் அவுஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு நோயுள்ள 67 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரங்கள் உணவு ஆலோசனை வழங்கப்பட்டது: மரக்கறி, பழம், பருப்பு வகை, மீன், முழுத்தானியம் என்பவற்றைக் கூட்டி, இனிப்பையும் பொரியலையும் குறைப்பது. மற்றக் குழுவுக்கு ஆறுதலான உரையாடல் மட்டும். உணவை மாற்றிய குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயிலிருந்து விடுபட்ட நிலைக்கு வந்தார். மற்றக் குழுவில் அது 8 வீதம். சிறிய ஆய்வுதான். அதில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கனவே மருந்தோ உளவள ஆலோசனையோ பெற்று வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். உணவு மருந்துக்கு மாற்றாகாது, துணையாகும்.

எங்களவர்களுக்கு முக்கியமான இன்னொரு விடயம். இரத்தச் சீனி அளவுக்கு மீறிக் குறையும்போது வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். போர் நினைவு திடீரென்று மேலெழும்போதும் இதே குறிகள் வரும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் படபடப்பு வந்தால் "பழைய பயம்தான்" என்று படுத்துவிடக் கூடாது. உடனே சீனித்தண்ணீர் குடித்துவிட்டு, அன்று எப்போது சாப்பிட்டோம் என்று யோசிக்கவேண்டும்.

மெற்போமின் குளிசையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும் மீன், முட்டை, பால் எதுவும் எடுக்காத முழுச் சைவர்களுக்கும் விற்றமின் பி12 குறையலாம். கால் விறைப்பு, மறதி, சோர்வு, மனத்தளர்ச்சி என்பன அதன் அறிகுறிகள். இவற்றை வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் கேளுங்கள்.

நித்திரையும் இதனோடு சேர்ந்தது. மாலைக்குப் பின் குடிக்கும் கடும் தேநீர் இரவு வரை உடலில் நிற்கும். சாராயமும் கசிப்பும் நித்திரையைத் தருவதுபோலக் காட்டி நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். கெட்ட கனவு வருபவர்கள் முதலில் மாற்றிப்பார்க்க வேண்டியவை இவை.

சாப்பிடுவது துரோகம் அல்ல

கையிலிருந்து கொடுத்த பிள்ளையைத் தேடும் தாய்மாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையடையாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் தொடர் போராட்டத்தில், பதில் கிடைக்காமலேயே பலர் இறந்துவிட்டார்கள். "என்ர பிள்ளை எங்க பசியோட இருக்குதோ, எனக்கு எப்படி இறங்கும்?" என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு ஊட்டச்சத்துப் பாடத்தில் பதில் இல்லை.

நான் அவர்களிடம் சொல்வது இவ்வளவுதான். "அம்மா, நீங்கள் சாட்சி. உங்கள் குரல் நிலைக்க உடம்பு நிலைக்கவேண்டும்." சாப்பாடு இறங்காதவர்களுக்கு ஒரு கோப்பைச் சோற்றை முன்னால் வைப்பதால் பயனில்லை. சிறிது சிறிதாக, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, குரக்கன் கஞ்சி, பயற்றங்கஞ்சி, முட்டை, வாழைப்பழம் என்று கொடுக்கலாம். அதைவிடப் பெரிய மருந்து கூட இருந்து சாப்பிடுவது. தனியே இருக்கும் தாய்மார் நாலு பேர் வாரத்தில் ஒருநாள் ஒரு வீட்டில் கூழ் காய்ச்சிக் குடித்தாலே போதும். ஒடியற்கூழ் எப்போதும் ஊர் கூடிக் குடித்த உணவுதானே.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் தாய் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது மிஞ்சுவதும் குறைந்தது. பிள்ளைகளுக்குப் பரிமாறும்போதே உங்களுக்கும் ஒரு கோப்பையில் போட்டு மூடி வையுங்கள்.

விரதமும் வழிபாடும்

உடம்பைப் பேணுவது ஆன்மிகத்துக்கு எதிரானது அல்ல என்பதைத் திருமூலர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அளவுக்கு மீறி உண்பவனுக்கும் உண்ணாமலே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் கருத்து. வயிறு முட்டச் சாப்பிட்டவருக்குத் தியானத்தில் நித்திரை வரும், வெறும் வயிற்றில் இருப்பவருக்கு நினைவு முழுக்கச் சாப்பாட்டில் நிற்கும். முக்கால் வயிற்றோடு இருப்பதே மனம் ஒடுங்க வசதி.

எமது விரதங்களில் ஒரு நெகிழ்வு ஏற்கனவே இருக்கிறது. கந்தசஷ்டியின் ஆறு நாட்களையும் சிலர் நீர் மட்டும் அருந்தியும், சிலர் பால் பழத்தோடும், சிலர் ஒருநேரச் சாப்பாட்டோடும் அனுட்டிப்பார்கள். மூன்றும் விரதமே. கத்தோலிக்கரின் தவக்காலத்திலும் நோயுற்றோருக்கு விலக்கு உண்டு. இஸ்லாமியரின் ரமழான் நோன்பிலும் அவ்வாறே. எந்தச் சமயமும் நோயாளியை வருத்தச் சொல்லவில்லை.

இன்சுலின் போடுபவர்கள், சீனியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோயாளர் ஆகியோர் முழுப் பட்டினி விரதம் இருக்கவேண்டாம். விரதத்துக்கு இரண்டு கிழமை முன்னர் வைத்தியரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். "விரதம்" என்று மருந்தைத் தானாக நிறுத்துவதும், சாப்பிடாமல் மருந்தை மட்டும் போடுவதும் இரண்டுமே ஆபத்து. ஒருநேர உணவில் சீனிச் சர்க்கரையும் பலகாரமும் நிறைந்தால் அதுவும் சிக்கல்தான். அவித்த பயறு, மோர், இளநீர், பழம் என்று மாற்றலாம். நீரிழிவு உள்ளவர்கள் பழத்தையும் அளவோடு எடுக்கவேண்டும்.

பாறணையிலும் அவசரம் வேண்டாம். ஏகாதசி விரதம் முடித்துத் துவாதசியில் அகத்தியிலையும் நெல்லிக்காயும் சேர்ப்பது எங்கள் முன்னோர் வழக்கம். பட்டினி கிடந்த வயிற்றுக்குக் கஞ்சியோ மென்மையான சோறோ கொஞ்சமாகக் கொடுத்துத் தொடங்குங்கள்.

ஒருநாள் சாப்பாடு, உள்ளூர்ப் பொருட்களில்

காலை: குரக்கன் கஞ்சி அல்லது அவித்த பயறு, தேங்காய்ப்பூ. குரக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியோ கோதுமையோ அதற்குக் கிட்டவும் வராது.

மதியம்: கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சிவப்பரிசிச் சோறு, மீதி பருப்பு, முட்டை, அல்லது சூடை, நெத்தலி போன்ற சிறுமீன். பெரிய மீனின் விலையில் சிறுமீன் இரண்டு நாளுக்கு வரும்.

மாலை: சீனியில்லாத தேநீர், அவித்த கடலை அல்லது புழுக்கொடியல்.

இரவு: ஏழரைக்கு முன் இலகுவான சாப்பாடு. இடியப்பம், சொதி, ஒரு வறை.

வீட்டு வளவில் ஒரு முருங்கை, ஒரு பப்பாசி, ஒரு கறிவேப்பிலை, ஒரு வல்லாரைப் பாத்தி இருந்தால் பாதிச் செலவு குறையும். கிணற்றடி நீரே அவற்றுக்குப் போதும்.

எப்போது உதவி தேடவேண்டும்?

இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடும் நித்திரையும் இல்லாமற் போனால், நிறை குறைந்துகொண்டே வந்தால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் கீரையையும் கஞ்சியையும் மட்டும் நம்பி இருக்கவேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டில் அடுப்புப் புகையாத ஒருவர் இருந்தால், இன்று மாலை ஒரு கோப்பைக் கஞ்சியோடு போய் அவருக்கு அருகில் இருந்து நீங்களும் குடியுங்கள்.