சபாஷ் யார் வீட்டுச் சொல்?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் ஒரு தடவையாவது வந்திருக்கும். தமிழ் வாத்தியார் முதுகில் தட்டி "சபாஷ்டா" என்கிறார். அடுத்த பாடவேளையில் மலாய் ஆசிரியை அதையே "ஷாபாஸ்" என்கிறார். யாரிடமிருந்து யார் எடுத்தது? நம்ம ஆட்களைக் கேட்டால், "நாமதான் குடுத்தோம், வேற யாரு" என்று பதில் தயாராக இருக்கும்.

நாம் கொடுக்கவில்லை. வாங்கவும் இல்லை, மலாயிலிருந்து.

அது பாரசீகச் சொல். 'ஷாத்' என்றால் மகிழ்ச்சி, 'பாஷ்' என்றால் இரு. 'ஷாத் பாஷ்', அதாவது மகிழ்ச்சியாய் இரு. பேசிப் பேசி நடுவிலிருந்த 'த்' உதிர்ந்துவிட்டது. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதற்கு 'ராஜாவாய் இரு' என்று பொருள் சொன்னது. 'ஷா'வைப் பார்த்ததும் மன்னர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். 1903 பதிப்பில் வில்லியம் குரூக் அதைத் திருத்தினார். ராஜா கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

பாரசீகம் பல நூற்றாண்டுகள் இந்திய அரசவைகளின் மொழி. தஞ்சை மராட்டியரும் ஆற்காட்டு நவாபும் ஆண்ட காலத்தில் தாசில்தார், திவான், வசூல் எல்லாம் தமிழுக்குள் வந்து உட்கார்ந்தன. சபாஷும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இந்தப் பக்கம் மலாய்க்குத் துறைமுக வழி. பண்டார், பாசார், நக்கோடா, டேவான் எல்லாமே பாரசீகத்திலிருந்து வந்தவை. நம்முடைய திவானும் டேவான் ராக்யாட்டில் இருக்கும் டேவானும் ஒரே சொல்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. தமிழன் முதல் 'ஷ'வை 'ச' ஆக்கி, கடைசி 'ஷ்'ஷை விடாமல் வைத்துக்கொண்டான். மலாய்க்காரர் முதல் 'ஷ'வை வைத்துக்கொண்டு கடைசியை 'ஸ்' ஆக்கினார். தலை அவரிடம், வால் நம்மிடம்.

வடமொழிக் கலப்பை விரட்டுகிறவர்கள் இதற்குப் பதிலாக 'நன்று' என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதலாம். ஆனால் பந்து கோல் கம்பத்துக்குள் போகும்போது எவனும் "நன்று" என்று கத்துவதில்லை.

ஈரானில் கல்யாண வீட்டில் ஆடுகிறவர்கள்மேல் வீசும் பணத்துக்கும் இதே பெயர்தான். துருக்கியிலும் அப்படியே. அங்கே சபாஷ் என்பது கையில் விழும் காசு. நம் கலைஞர்களுக்கு வாய்ச்சொல் மட்டும் மிஞ்சியது, கூடவே ஒரு பொன்னாடை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மலாயில் டத்தோ பட்டம் வாங்கியவருக்குக்கூட 'தஹ்னியா டான் ஷாபாஸ்' என்று பதாகை கட்டுவார்கள். தமிழில் அது மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்கும். பெரியவர் சின்னவருக்குச் சொல்வார், முதலாளி வேலையாளுக்குச் சொல்வார். தாத்தாவைப் பார்த்து "சபாஷ் தாத்தா" என்றால், வீட்டில் யாராவது நிச்சயம் "பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?" என்று கேட்பார்கள். மகிழ்ச்சியாய் இரு என்று வாழ்த்திய சொல் அது.