கல்லில் நின்ற எளியோர்

நம் சங்க விழாக்கள் குழந்தைகளின் மாறுவேட நிகழ்ச்சி இல்லாமல் நிறைவுறுவதில்லை. கரிகாலன் வருகிறான், இராசராசன் வருகிறான், கட்டபொம்மன் மீசையை முறுக்கிக்கொண்டு மேடை அதிர நடக்கிறான். நாடகம் நடத்தினாலும் இதே நிலைதான். மன்னன் வேடம் ஒருவனுக்கு மட்டுமே வாய்க்கும். மற்றச் சிறுவர்களுக்கு வேலும் கையுமாக இருபுறமும் நிற்கும் காவலர் வேடமே கிடைக்கும். "எனக்கு வீரன் வேடம் இல்லையா?" என்று முகம் வாடி நிற்கும் பிள்ளையைத் தேற்ற வகையறியாது நாம் விழித்ததுண்டு. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே விடை எழுதி வைத்துள்ளனர். அவ்விடை ஏட்டில் அன்று, கல்லில் உள்ளது.

போரில் விழுந்தவனுக்காகக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் புகழையும் பொறித்து வழிபடுவது பழந்தமிழர் மரபு. அதற்கு நடுகல் என்று பெயர். இம்மரபைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. தக்க கல்லைக் கண்டறிதல், அதனைக் கொண்டு வருதல், நீராட்டுதல், நடுதல், பெருஞ்சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். இந்த ஆறு நிலைகளையும் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இறந்தவன் செய்ய வேண்டுவது இவற்றில் ஒன்றுமில்லை. ஆறும் உயிரோடிருப்பவர் செய்ய வேண்டிய கடமைகள். வீரம் அவனுடையது, அவனை வீரனாக்கி நிறுத்துவது ஊராருடைய நன்றியுணர்வு.

இம்மரபு எத்துணைப் பழமையானது என்பதற்கு 2006ஆம் ஆண்டில் சிறந்ததொரு சான்று கிடைத்தது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. அவற்றுள் ஒன்று, கூடல் என்னும் ஊரில் நிகழ்ந்த ஆகோளில், அஃதாவது ஆனிரை கவரும் பூசலில், மாண்ட அந்துவன் என்பவனுக்கு எழுப்பிய கல். ஊர், நிகழ்ச்சி, மாண்டவன் பெயர் ஆகிய மூன்றுமே அதில் உள்ளன. எந்த மன்னனுடைய பெயரும் அதில் இல்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கல் காத்து வந்தது ஒரு சிற்றூர் மனிதனின் பெயரைத்தான்.

காலத்தால் இதற்குப் பிற்பட்ட நடுகற்கள் செங்கம் பகுதியில் மிகுதியாக உள்ளன. அன்று வடஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்த செங்கம், இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஊர் ஊராகச் சென்று அவற்றைப் படியெடுத்தனர். 1972இல் இரா. நாகசாமி அவர்கள் 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுப்பாக அவற்றை வெளியிட்டார். மலையும் காடும் சூழ்ந்த புன்செய் நிலம் அது. ஆற்றுப் பாசனம் அருகிய அத்தகைய நிலத்தில் மாடே செல்வம். 'மாடு' என்னும் சொல்லே செல்வத்தையும் குறிப்பதன்றோ! மந்தை போனால் பால் போகும், ஏர் போகும், எரு போகும், அடுத்த ஆண்டின் விளைச்சலும் போகும். ஆகவே, மந்தையை மீட்பது ஊரின் வாழ்வையே மீட்பதாகும். இக்கல்வெட்டுகளில் மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் தொடர். 'பட்டான்' என்றால் மாண்டான் என்பது பொருள்.

இக்கற்களுள் எடுத்தனூர் நடுகல்லைச் சற்று நின்று நோக்குவோம். அது மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்ட கல். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மண்டகப்பட்டில் மலையைக் குடைந்து கோயில் கண்டவன் மகேந்திரவர்மன். 'மத்தவிலாசம்' என்ற அங்கத நாடகத்தை இயற்றியவன். பள்ளிப் பாடநூலில் பல பக்கங்கள் பெற்ற அப்பெருவேந்தன் இந்தக் கல்லில் என்னவாக இருக்கிறான்? ஆண்டினைக் குறிக்கும் கணக்காக மட்டுமே இருக்கிறான்! கல்லின் தலைவன் கருந்தேவக்கத்தி. பொற்றொக்கையார் என்பவரின் இளமகனாக, அஃதாவது அவரைச் சார்ந்து வாழ்ந்த வீரனாக, அவனைக் கல்வெட்டு குறிக்கிறது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் அவன் உயிர் துறந்தான். பாடநூலில் மன்னன் பெயரின் நிழலில் குடிமக்கள் மறைகிறார்கள். நடுகல்லிலோ மன்னன் பெயர் குடிமகன் ஒருவனுக்கு நாள்காட்டியாகிறது.

அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, அது காவல் நின்ற செய்தியையும் கல்வெட்டு தனியே கூறுகிறது. தலைவன் வீழ்ந்துவிட்டான், ஓடியிருந்தால் அந்த நாயைப் பழிப்பார் யார்? ஆயினும் அது ஓடவில்லை. அவ்வூரார் அதன் பெயரையும் மறக்கவில்லை. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கோழிச் சேவல் ஒன்றுக்கும் நடுகல் உண்டு. வீரம் குலத்தில் இல்லை, பட்டத்தில் இல்லை, மனிதப் பிறப்பில் மட்டுமேகூட இல்லை என்று இக்கற்கள் நமக்குச் சொல்கின்றன.

அப்படியானால் வீரம் எதில் இருக்கிறது? வெற்றியிலா? இக்கல்வெட்டுகள் போற்றுவது வென்று மாலை சூடியவனை அன்று. 'பட்டான்' என்று முடியும் வாழ்வையே அவை போற்றுகின்றன. வெறும் துணிவிலா? ஆனிரையைக் கவரச் சென்றவனுக்கும் துணிவு இருந்தது. அத்தகையோர்க்கும் அவரவர் ஊரார் கல் நட்டதுண்டு என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், மீட்கச் சென்று மாண்டவனின் கல்லில் தனியானதொரு நிறைவு இருக்கிறது. கவரச் சென்றவன் நாளும் நேரமும் தானே குறித்துக்கொண்டு புறப்பட்டவன். மீட்கச் சென்றவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உழுதுகொண்டிருந்திருப்பான், உண்டுகொண்டிருந்திருப்பான். கூக்குரல் கேட்டது, எழுந்தான். எழாமல் இருந்திருக்கலாம். 'என் மாடு அதில் இல்லையே' என்று எண்ணியிருக்கலாம். எழுவதா, இருப்பதா என்னும் அந்த ஒரு நொடியில்தான் எளியவன் ஒருவன் வீரனாகிறான் என்று நாம் கருதுகிறோம்.

இம்மரபு தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. பிழைப்புத் தேடி வந்து நாம் வேரூன்றிய இக்கன்னட மண்ணிலும் ஊர்தோறும் 'வீரகல்' நிற்கிறது. அவற்றுள் பலவற்றில் மூன்று அடுக்குச் சிற்பங்களைக் காணலாம். கீழே போர்க்காட்சி, நடுவே வீரனை வானுலகத்துக்கு அழைத்துச் செல்லும் மகளிர், மேலே இறைவன் திருமுன் அமர்ந்த வீரன். உழுதவனும் மாடு மேய்த்தவனும் மூன்றே படிகளில் விண்ணுலகு ஏறிவிடுகிறார்கள்!

நாம் வாழும் இப்பெங்களூரு மாநகருக்கும் ஒரு வீரகல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நகரின் தென்பகுதியில் உள்ள பேகூர் நாகேசுவரர் கோயிலில் ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கல் ஒன்று இருக்கிறது. கங்கர்களின் கீழ் இப்பகுதியை ஆண்ட நாகத்தரனைச் சார்ந்தோர் 'பெங்களூர்ப் போரில்' மாண்டதை அது குறிக்கிறது. இவ்வூரின் பெயர் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் முதன்மையானது அதுவே. பின்னாளில் வந்த ஒய்சள மன்னன் ஒருவனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த அவரை கொடுத்ததால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்னும் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இனிய கதைதான். ஆனால், அந்த மன்னனுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே பெங்களூர் என்ற பெயரைச் சிலருடைய மரணம் கல்லில் எழுதிவிட்டது. இன்று உலகறிந்த இந்நகரின் பெயரை முதலில் சுமந்து நின்றது அரண்மனை வாயில் அன்று, மாண்டவர் நினைவுக்கல்.

இந்நகரின் கத்தூரிபா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்லையும் காணலாம். மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொணர்ந்த கல் அது. கி.பி. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரும் கங்கரும் சேர்ந்து சோழரை எதிர்த்தனர். பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமீது இருந்தவாறே அப்போரில் உயிர் நீத்தான். அவனைக் கங்க மன்னன் பூதுகன் கொன்றதாக ஆதகூர்க் கல் கூறுகிறது. தமிழர்க்கு இது தோல்விச் செய்திதான். ஆயினும், அதே கல் கூறும் மற்றொரு செய்தி நம் மனத்தை நெகிழ்விக்கிறது. அப்போரில் சிறந்து நின்ற மணலேரன் என்னும் வீரனிடம், வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் பொன் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயையே கேட்டான். பின்னர் அந்த நாய் பெரியதொரு காட்டுப் பன்றியோடு பொருதது, இரண்டும் மாண்டன. மணலேரன் தன் நாய்க்குக் கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். நாயும் பன்றியும் பொரும் காட்சி அக்கல்லின் மேற்பகுதியில் செதுக்கப்பட்டுள்ளது. எடுத்தனூரின் கோவிவனுக்கும் ஆதகூரின் காளிக்கும் இடையே முந்நூறு ஆண்டு இடைவெளி, மொழியும் வேறு. நன்றியுணர்வோ ஒன்றே. தமிழரென்றும் கன்னடரென்றும் மனம் கசக்கும் நாள்களில், இவ்விரு கற்களையும் நாம் சேர்த்து நினைப்பது நல்லது.

நன்றி என்பது கல் நடுவதோடு முடிந்ததன்று. மாண்டவனின் குடும்பத்துக்கு ஊரார் நிலம் அளித்தனர். அதற்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். சிந்திய குருதிக்கு ஈடான நிலம் என்பது அதன் பொருள். கல்லை வழிபட்டுவிட்டு அவன் பிள்ளைகளைப் பசிக்க விடுவது அறமன்று என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

எனினும், இம்மரபில் ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். கணவனோடு தீப்புகுந்தவளுக்குக் கல் நட்டார்கள். கன்னட நாட்டில் அதை 'மாசுதிக்கல்' என்பர். தீப்புகாமல், அந்த உதிரப்பட்டியை உழுவித்து, தந்தையில்லாப் பிள்ளைகளை ஆளாக்கியவளின் கல் நம் கண்ணில் படுவது அரிது. அவள் காட்டியது நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய வீரம் அன்றோ! வணிகர் குலத்துப் பெண்ணாகிய கண்ணகிக்கு நடுகல்லின் சடங்குகளையே காதைப் பெயர்களாக வைத்து வஞ்சிக் காண்டத்தை அமைத்தார் இளங்கோவடிகள். காட்சியும் கால்கோளும் நீர்ப்படையும் வேலேந்திய ஆடவர்க்கு மட்டும் உரியவை அல்ல என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனி நம்மிடம் வருவோம். நம்மில் பலருடைய குடும்பக் கதை கோலார்த் தங்கவயலில் தொடங்குகிறது. 1880களில் ஆழ்சுரங்கப் பணி விரிவடைந்தபோது, வடஆர்க்காட்டிலிருந்தும் அதையடுத்த மாவட்டங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடிபெயர்ந்தன. செங்கத்து நடுகற்கள் நிற்கும் அதே வறண்ட மண்ணின் மக்கள் அவர்கள். மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வெப்பத்திலும் தூசியிலும் அவர்கள் உழைத்தனர். அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் அங்கே அடிக்கடி நிகழ்ந்தன. மேலே வந்தவர், கீழே சிக்கிய தோழருக்காக மீண்டும் இறங்குவது எத்தகைய செயல்? அன்று கூக்குரல் கேட்டு எழுந்தவனின் செயலே அது. மந்தையின் இடத்தில் மனிதர் இருந்தனர் என்பதே வேறுபாடு. 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. இறங்கியவர்களின் பெயர்களில் எத்தனையை நாம் எழுதி வைத்தோம்? அவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். ஆறு நிலைகளில் நமக்குரியவற்றில் நாம் காட்சியைக்கூடத் தொடங்கவில்லை.

கல் நட இயலாவிடினும் பெயர் எழுத இயலும். அடுத்த விழாவுக்கு முன்னர், ஒவ்வொரு குடும்பமும் தன் முதியவர்களைக் கேட்டு, பிறருக்காக எழுந்து நின்ற ஓர் எளியவரின் பெயரையும், ஊரையும், அவர் செய்ததையும் மூன்றே வரியில் எழுதித் தரட்டும். புலிமான்கோம்பைக் கல்லும் அதற்கு மிகுதியாக எழுதவில்லை. அம்மூன்று வரிகளையும் மலரில் அச்சிடுவோம். மேடையில் இராசராசன் வரட்டும், கரிகாலனும் வரட்டும். காவலர் வேடத்தால் முகம் வாடும் பிள்ளையை அருகழைத்து, "நீதான் கருந்தேவக்கத்தி" என்று கூறி, அவன் கதையைச் சொல்லி மேடையேற்றுவோம். அவனைவிடச் சிறிய தம்பி ஒருவன் நிச்சயம் இருப்பான். கோவிவன் வேடத்தை அவன் மகிழ்ந்து ஏற்பான்.