யாங்கோனில் இதய இயக்க மீட்பு

இதயம் திடீரென நின்றுபோனவரின் நெஞ்சை அமுக்கி, மூளைக்கு ஓரளவாவது ரத்தம் போகச் செய்யும் முதலுதவிதான் இதய இயக்க மீட்பு. மருத்துவமனையிலும் ஆம்புலன்சிலும் ‘சிபிஆர்’ என்பார்கள். மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கலாம்; இதயம் நின்றவர் சுருண்டு விழுவார், தட்டிக் கூப்பிட்டாலும் பதில் இருக்காது. கை வைக்காமல் விட்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு என்று பிழைக்கும் வாய்ப்பு கரைந்துகொண்டே போகும். மியான்மரின் யாங்கோன் நகரில் இது வேரூன்றிய கதையைச் சொல்ல, மருத்துவமனையை மட்டும் பார்த்தால் போதாது. வழியில் நோயாளியைத் தூக்கிவந்தவர்களையும் பார்க்க வேண்டும்.

பழைய முறைகள் எல்லாம் நீரில் மூழ்கியவர்களுக்காக வந்தவை. பாரிஸ் அறிவியல் கழகம் 1740இல் வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னது. பிறகு அது வழக்கொழிந்து, ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கும் ஷேஃபர் முறை 1903க்குப் பின் பிரிட்டனில் பரவியது. யாங்கோன் அப்போது ரங்கூன் என்ற பெயரில் பிரிட்டிஷ் இந்தியாவின் துறைமுக நகரம். 1899இல் தொடங்கிய ரங்கூன் பொது மருத்துவமனைக்கு, இன்றும் நிற்கும் செங்கல் கட்டடம் 1911இல் கட்டி முடிக்கப்பட்டது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளையாக அங்கே இருந்த அமைப்பு, 1937இல் பர்மா (இன்றைய மியான்மர்) இந்தியாவிலிருந்து பிரிந்தபோது தனிச் சங்கமாயிற்று.

இன்றைய முறை பிறந்தது அமெரிக்காவின் பால்டிமோரில், அதுவும் தற்செயலாக. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் கௌவென்ஹோவன் என்ற மின்பொறியாளர், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியை நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார். 1958இல் அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார்: கனமான மின்தகடுகளை நாயின் மார்பில் வைத்து அழுத்தியபோதே, மின்சாரம் பாய்வதற்கு முன்பே, ரத்த அழுத்தமானி சற்று ஏறியது. அந்தச் சிறு ஏற்றத்தை அவர் அலட்சியப்படுத்தவில்லை. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்துகொள்ள, மூவரும் 1960 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரையில் 20 நோயாளிகளின் விவரம் இருந்தது. நெஞ்சைத் திறந்து இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைந்த காலம் அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. நாம் வெளிவிடும் மூச்சிலும் 16 விழுக்காடு ஆக்சிஜன் இருப்பதால் வாயால் ஊதுவதே போதும் என்று ஜேம்ஸ் எலமும் பீட்டர் சஃபாரும் ஏற்கெனவே நிறுவியிருந்தார்கள். இரண்டும் இணைந்ததே சிபிஆர். பயிற்சிக்கான பொம்மையைச் செய்து கொடுத்தவர் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லார்டல்.

அந்த 1960 கட்டுரை வெளிவந்து இரண்டே ஆண்டில், 1962இல், பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். நாடு வெளியுலகுக்குக் கதவடைத்துக்கொண்டது. தமிழர்கள் லட்சக்கணக்கான இந்தியர்களோடு சேர்ந்து ஊரைவிட்டுக் கிளம்பியதும் அந்தக் காலத்தில்தான். அவசர சிகிச்சை ஒரு தனி மருத்துவத் துறையாக மியான்மரில் தலையெடுக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 2013 டிசம்பரில் நடக்கவிருந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் பொறுப்பு நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அதை ஒட்டி 2012 வாக்கில், ஆஸ்திரேலிய அவசர மருத்துவர்களின் துணையோடு, உள்ளூர் மருத்துவர்களுக்குப் பட்டயப் பயிற்சி தொடங்கியது. விளையாட்டுப் போட்டியால் ஒரு நாட்டுக்கு இப்படியும் ஒரு லாபம்!

மருத்துவமனைக்கு வெளியே நடந்ததுதான் யாங்கோனுக்கே உரிய கதை. அரசு ஆம்புலன்ஸ் போதாத ஊரில் தொண்டர் குழுக்கள் வண்டி ஓட்டின. அவற்றில் பேர்பெற்றது, நடிகர் ச்சோ தூ முன்னின்று 2001இல் தொடங்கிய இலவச இறுதிச்சடங்குச் சங்கம். காசில்லாதவர்களின் சடலத்தைச் சுமக்கப் பிறந்த அமைப்பு, பின்னாளில் 2007இல் இலவச கிளினிக்கும் திறந்து, உயிரோடிருப்பவர்களையும் சுமந்தது. இத்தகைய வண்டிகளுக்கும் நகரம் எளிதில் வழிவிடுவதில்லை. மோட்டார் சைக்கிளில் விரைந்து போகலாம் என்றால் அதற்கும் 2003 முதல் தடை. 2011க்குப் பிறகு கார் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததும் சாலைகள் கார்களால் நிரம்பிவிட்டன.

அரசியலும் விடவில்லை. 1988 ஆகஸ்ட் 10 அன்று பொது மருத்துவமனை வளாகத்திலேயே ராணுவம் சுட்டது. 2021 பிப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்பை எதிர்த்து அரசு மருத்துவர்கள் பலர் பணியைவிட்டு வெளியேறினார்கள். மார்ச் 3 அன்று யாங்கோனின் வடக்கு ஒக்கலாப்பாவில் பாதுகாப்புப் படையினர் ஆம்புலன்சிலிருந்து தொண்டர்களை இறக்கி, துப்பாக்கிக் கட்டையால் அடித்த காட்சி உலகெங்கும் ஓடியது. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பயிற்சி இப்படிச் சிதறியதை, சிபிஆர் வரலாற்றில் ஒரு பின்னடைவு என்றே பதிய வேண்டும்.

செய்முறை எளிது. ஆளைக் கெட்டியான தரையில் மல்லாத்த வேண்டும். மெத்தையில் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஊன்றி, மற்றக் கையை மேலே கோத்து, முழங்கை மடியாமல் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். விட்டுவிட்டு வரும் விக்கல் போன்ற இழுப்பைக் கண்டு மூச்சு இருக்கிறது என்று ஏமாந்து கையை எடுப்பவர்கள் உண்டு, அது மூச்சல்ல. ஊதத் தயங்குபவர்கள் நெஞ்சை மட்டும் அமுக்கினாலும் பலன் உண்டு என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் அறிவித்தது. இந்திய மயக்கவியல் மருத்துவர்களும் பொதுமக்களுக்கு அதையே கற்றுத்தருகிறார்கள்.

யாங்கோனில் ஆம்புலன்ஸ் எண் 192, தமிழ்நாட்டில் 108. எண்ணை அழைத்துவிட்டு, வண்டி வந்து பயிற்சி பெற்றவர் பொறுப்பேற்கும்வரை அமுக்குவதை நிறுத்தாதீர்கள்.