சென்னையில் பிரெஞ்சு மொழி

பிரெஞ்சு, இலத்தீனிலிருந்து கிளைத்த ரோமானிய மொழிகளுள் ஒன்று. உலகெங்கும் ஏறத்தாழ 32 கோடிப் பேர் அறிந்த இம்மொழி, சென்னையின் சாந்தோமுக்கும் அடையாற்றுக்கும் முதலில் படைகளோடு வந்தது. இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பிள்ளைகள் விரும்பி எடுக்கும் பாடங்களுள் ஒன்றாக இருக்கிறது.

வரலாறு

1672-ல் தெ லா ஏ தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சாந்தோமைக் கைப்பற்றியது. கோல்கொண்டா, டச்சுப் படைகளின் முற்றுகையால் 1674-ல் அதை இழந்தது. பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேற்றத்தை நிலைநாட்டியதும் அக்காலத்தில்தான். 1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். அவ்வாண்டே அடையாற்றின் முகத்துவாரத்தருகே, பரதி என்னும் தளபதியின் சிறு பிரெஞ்சுப் படை ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பெரும்படையை முறியடித்தது. 1748-ல் ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, மறு ஆண்டு நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. இக்காலத்து நிகழ்ச்சிகளைத் தமிழில் நாள்தோறும் குறித்துவைத்த, பிரெஞ்சுக்காரர்களின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, சென்னைப் பெரம்பூரில் 1709-ல் பிறந்தவர்.

கல்வி

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் 1953 முதல் இம்மொழியைக் கற்பித்து வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை உண்டு. மேல்நிலை வகுப்புகளில் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சை எடுக்கலாம். மதிப்பெண்ணுக்காக எடுப்போர் பலர். கனடாவில் குடியேறவும் பிரான்சில் உயர்கல்வி பெறவும் விரும்புவோர் பின்னர் தொடர்ந்து படிக்கிறார்கள். மதிப்பெண்ணோடு நின்றுவிடுவோர் இழப்பது தமிழோடு இம்மொழிக்குள்ள ஓர் அரிய நெருக்கத்தை.

தமிழ் மாணவர் நோக்கில்

ஆங்கிலத்தில் இல்லாத நீ, நீங்கள் வேறுபாடு பிரெஞ்சில் ‘தூ’, ‘வூ’ என அப்படியே இருக்கிறது. தோழியிடம் ‘தூ’, ஆசிரியரிடம் ‘வூ’ என்று சொல்லத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. ‘மணி’யும் ‘அடித்தது’ம் சேர்ந்து ‘மணியடித்தது’ ஆவதுபோல, பிரெஞ்சிலும் சொற்கள் கூடும்போது ஒலி பிறக்கிறது. பன்மை காட்டும் ‘லே’யும் நண்பரைக் குறிக்கும் ‘அமி’யும் சேரும்போது, இடையில் எழுதப்பட்டும் ஒலிக்காதிருந்த ஸகரம் அதிர்வொலியாய் வாய்திறந்து ‘லேஸமி’ ஆகிறது.

திணறவைப்பவையும் உண்டு. தமிழில் பால் பகுப்பு பொருளைப் பொறுத்தது. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். எழுபதை ‘அறுபதும் பத்தும்’ என்றும், எண்பதை ‘நான்கு இருபது’ என்றும் சொல்வார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொற்களே வழங்குகின்றன.

உலகப் பரவல்

இன்று பிரெஞ்சின் பெருவீடு ஆப்பிரிக்கா. செனகல், ஐவரி கோஸ்ட், காங்கோ முதலிய நாடுகளில் ஆட்சியிலும் பள்ளியிலும் அதுவே முதன்மை. பிரெஞ்சு வழங்கும் நாடுகளின் கூட்டமைப்புக்கு அடித்தளம் இடப்பட்டதும் 1970-ல் நைஜர் நாட்டு நியாமே நகரில்தான். வட அமெரிக்காவில் கியூபெக் மாகாணம் 1977-ல் சட்டம் இயற்றித் தன் மொழியைக் காத்துக்கொண்டது. கரீபியத்தில் எயிட்டியும், பசிபிக்கில் நியூ கலிடோனியாவும் பிரெஞ்சு வழங்கும் நிலங்கள். இந்தியாவில் அதன் நிலம் புதுச்சேரி.

தமிழர் பெயர்களில்

1848-ல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். மார்த்தினிக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் முதல் கப்பல்கள் சென்றன. ரியூனியன் தீவுக்கும் பல்லாயிரவர் போனார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். மாரியம்மன் வழிபாட்டை விடவில்லை. அவர்களின் பெயர்களிலும் தமிழின் தடம் உண்டு. பிரெஞ்சில் உயிரெழுத்துகளுக்கு இடையே ஒற்றை ‘எஸ்’ வந்தால் ‘லேஸமி’யில் போல அதிர்ந்து ஒலிக்கும்; இரண்டு வந்தால் அதிராது. ரியூனியனில் ‘ராமசாமி’ என்ற குடும்பப் பெயரை இரண்டு ‘எஸ்’ இட்டு எழுதுகிறார்கள். பேச்சிலிருந்து தமிழ் போய்விட்ட வீடுகளிலும், முன்னோர் சொன்ன சகரம் அந்த இரண்டாம் எழுத்தால் பிழைத்திருக்கிறது.