முதுகுத் தசையும் புதிய கருவியும்

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த மாதருக்கு அதனை மீள அமைக்கும் வைத்தியம் நெடிய வரலாறுடையது. 1906ஆம் ஆண்டில் இத்தாலிய சத்திர வைத்தியர் தன்சீனி, முதுகுத் தசையைத் தோலோடும் இரத்தக் குழாயோடும் முன்னே திருப்பி மார்புப் புண்ணை மூடும் முறையை வெளியிட்டார். நோயொழிப்புக்கு ஊறு நேருமென அஞ்சிய அமெரிக்கப் பேராசிரியர் ஹால்ஸ்டெட் இத்தகைய முறைகளை எதிர்த்தார். அவர் சொல்லே வேதவாக்காயிற்று. தன்சீனியின் முறை 1970களிலேதான் புத்துயிர் பெற்றது.

திறந்து செய்யும் அச்சிகிச்சையால் முதுகில் நீண்ட வடு எஞ்சும். 2012இல் ஹூஸ்டன் நகர வைத்தியர் செல்பர், றோபோக் கரங்களால் சிறு துளைகள் வழியே அதே தசையை எடுத்த அனுபவத்தை வெளியிட்டார். வடு சுருங்கிற்று, செலவோ பெருகிற்று. மார்பகத்தை அகற்றுவதில் றோபோவின் பாதுகாப்பு இன்னும் நிறுவப்படவில்லையென 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

அன்று ஓர் அறிஞரின் புகழுக்கு அடங்கி நல்லதொரு முறையை உலகம் மறந்தது. இன்று யந்திரத்தின் புகழில் மயங்கி விழிப்பை மறக்கலாமோ? நோயாளியின் உயிரும் நலமுமே இரண்டுக்கும் உரைகல்லாகும்.